மாதிரி பதினேழு

ஐந்து கிராம் தலைமுடி
உறையிட்ட பொட்டலத்தில் வரும் எங்கள் கூடத்துக்கு.
கறுப்பு, இருபத்தைந்து சென்டிமீட்டர், பெண்.
அவ்வளவுதான் சீட்டில்.
எந்த ஊர், எந்த நேர்த்திக்கடன் என்று
சீட்டுக்குக் கவலையில்லை.

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி.
காலை எட்டு மணிக்குள்
அதைக் கம்பளத்தில் பரப்பியிருக்க வேண்டும் நான்,
யாரோ குளித்துவிட்டு வந்து
உதறிவிட்டுப் போனதுபோல அல்ல,
சீராக, நெளிநெளியாக, விதிமுறை சொன்னபடி.
வீட்டில் எதுவும் சீராக விழாது என்பதை
விதிமுறை எழுதியவர் அறிந்திருக்க மாட்டார்.
அவர் வீட்டில் பெருக்குபவர் வேறு யாரோ.

பிறகு விசை.
தூரிகை உருளை, நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று.
நிறுத்திக் கவிழ்த்துப் பார்த்தால்
கொண்டை போட்டுக்கொண்டு கிடக்கும்.
கத்தரிக்கோலால் அறுத்து, இழுத்து, தராசில் வைப்பேன்.
மாதிரி ஒன்பது: மூன்று புள்ளி எட்டு கிராம் சிக்கல்.
மாதிரி பத்து: நான்கு.
பதினொன்றைப் பற்றிப் பேச வேண்டாம்,
பெல்ட் உருகிய நாற்றம் உணவுக்கூடம் வரை போய்
எல்லார் நாசி லெமாக்கையும் கெடுத்தது.

இழையைத் தடிப்பாக்கு, இன்னும் விறைப்பாக, என்பான்
பொறியாளர் கியாட் சூன்.
எல்லாவற்றுக்கும் விறைப்புதான் அவனிடம் மருந்து.
நைலான் விறைக்க விறைக்க
தரையில் கோடு விழுந்தது. முடி அசையவில்லை.

"என் வீட்டு மெஷினில் நடுவில் சிக்காது," என்றேன் ஒருநாள்,
"ஓரத்தில்தான், பேரிங் பக்கம் போய் உட்காரும்."
"கொண்டு வா, பார்க்கலாம்."

ரெலாவிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில்,
மடியில், கடைப் பையில், அந்த உருளை.
மீன் வாங்கினாயா என்று கேட்டாள்
பக்கத்து இருக்கை நோர்ஹயாத்தி.

வெள்ளைத் தாள் விரித்து
இடுக்கியால் பிரித்தார்கள் என் வீட்டை:
கோயிலில் கட்டிய சிவப்புக் கயிற்றின் நுனி,
மகளின் பள்ளி நாடகத்து ஜிகினா,
குசினியில் சிந்திய கடுகு ஒன்று,
நீளமாய், நீளமாய், என் முடி.
பிறகு, வெள்ளைத் தாளில் காணாமல் போகிற ஒன்று.

கைருல் அதைக் கறுப்புத் தாளுக்கு மாற்றினான்.
அளந்தான். நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

மூன்று ஆண்கள், ஒரு விளக்கு, என் முதல் நரை.
எனக்கு முப்பத்தாறு.
கண்ணாடி சொல்லவில்லை, வீட்டுக்காரர் சொல்லவில்லை,
சடை பின்னும் என் விரலே சொல்லவில்லை.

வாய்க்குள் ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
கியாட் சூன் குனிந்து பார்த்துவிட்டு,
"நன்றாகத் தெரிகிறதே," என்றான்.
சுருக்கென்றது, ஒரு நொடி.
அடுத்த நொடி இருவருக்கும் ஒரே எண்ணம்:
கறுப்புக் கூட்டத்தில் இது ஒன்றுதான்
கேமராவுக்குத் தெரியும்.

அன்று ஓவர்டைம்.
முகம் தெரியாதவளின் ஐந்து கிராம் நடுவே
என் வெள்ளையை வைத்தேன்,
நானே, விரலால் அழுத்தி.
வேகக் கேமரா. ஒளி. விசை.

அது சிக்கவில்லை. நடந்தது.
தூரிகையின் சுருள் எந்தப் பக்கம் சாய்ந்ததோ
அந்தப் பக்கம், புரி புரியாக,
ஓரத்துக்கு, பேரிங்கின் இருட்டுக்குள்.
அங்கேதான் முடிச்சு.

விறைப்பு, பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.
வழிதான் தப்பு.

சுருளை இரண்டாக உடைத்துத் திருப்பினோம்,
இடமும் வலமும் நடுவை நோக்கி,
உறிஞ்சும் வாய் இருக்கிற நடுவை.
பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை
கோணத்தோடு சண்டை.
பதினேழைக் கவிழ்த்தபோது
அப்போதுதான் மழித்த தலைபோல் உருளை.
தராசு: பூஜ்யம் புள்ளி இரண்டு.
கியாட் சூன் நம்பாமல்
தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

அறிக்கையில் ஒரு வரி உண்டு:
தடங்காட்டி இழை, வெள்ளை, 41 செ.மீ., மூலம்: உள்ளகம்.
லோகநாயகி என்பது, வழக்கம்போல,
சோதித்தவர் கட்டத்தில் ஒரு கிறுக்கல்.

இப்போது படிக்கட்டுக்கான சின்னத் தலை செய்கிறோம்.
அதில் முடி வேறு மாதிரி நடக்கிறதாம்.
செவ்வாய்க்கிழமை, லிஃப்டில்,
ஷூவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்
இன்னும் இருக்கிறதா என்று.

கதவு திறந்தது. பாலத்துக்கு மேல் மழை இருட்டு.
"இரண்டு," என்றேன், "காதுக்குப் பின்னால்.
நீளம் போதாது.
தீபாவளி கழித்துக் கேள்."